தள்ளுபடியா, தள்ளிவிடும் சரக்கா? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்கள் பண்டிகை விற்பனையில் மடிக்கணினி வாங்கும் முறை

பெங்களூருக்குப் புதிதாக வரும் நம் ஊர்ப் பிள்ளைகள், மடிவாளாவிலோ பி.டி.எம். லேஅவுட்டிலோ ஒரு பி.ஜி. விடுதியில் இடம் பிடித்து முன்பணம் கட்டி முடித்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி பெரும்பாலும் மடிக்கணினியைப் பற்றியதாகவே இருக்கிறது. "ஆயுத பூஜைக்கு ஆஃபர் போடுவாங்களாமே அண்ணா, அதுவரைக்கும் வெயிட் பண்ணலாமா, இப்பவே வாங்கிடலாமா?" என்று கேட்கிறார்கள். அல்சூரில் பல ஆண்டுகளாகக் குடியிருந்துகொண்டு, உறவுக்காரப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அறைத் தோழர்களுக்கும் கணினி தேர்ந்தெடுத்துக் கொடுத்தே ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில் இதுதான்: காத்திருக்கலாம், ஆனால் கைகட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. பண்டிகைத் தள்ளுபடி முழுப் பொய்யன்று; விளம்பரத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு அது இருப்பதில்லை, அவ்வளவுதான். இருக்கும் அந்தச் சிறிய தள்ளுபடியும், விற்பனை தொடங்குவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே எந்தக் கணினி, அதன் நடப்பு விலை என்ன என்று குறித்துவைத்திருப்பவருக்கே கிடைக்கிறது. நள்ளிரவு 12 மணிக்குக் கைப்பேசியைத் திறந்து அப்போதுதான் தேடத் தொடங்குபவருக்குக் கிடைப்பது, விற்பவர் தள்ளிவிட நினைத்த சரக்கு.

வாங்கத்தான் வேண்டுமா

மென்பொருள் நிறுவனங்களில் சேருபவர்களுக்குப் பெரும்பாலும் அலுவலகமே மடிக்கணினி கொடுத்துவிடும். வேலைக்கான உத்தரவு கையில் இருந்தால், சேரும் நாள் வரை பொறுத்து, கொடுக்கிறார்களா என்று மனிதவளப் பிரிவில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அலுவலகக் கணினியில் சொந்தப் படிப்பையும் பக்கத் தொழிலையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொந்த வேலைக்கு 70,000 ரூபாய்க் கணினி தேவையா, 35,000 ரூபாய்க் கணினி போதுமா என்பது முதல் மாதச் சம்பளத்துக்குப் பிறகு தெளிவாகத் தெரியும்.

பிளஸ் டூவில் தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியை இன்னும் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அதை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புதியது தேடுவதற்கு முன், உள்ளே இருக்கும் சுழல் வட்டை (ஹார்ட் டிஸ்க்) எடுத்துவிட்டு, சாட்டா எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். திறக்கவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்ட கணினி அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ஆனால் அதில் விண்டோஸ் 11 ஏறாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்டெல் பிராசசர்களில் (கணினியின் மூளையான சில்லு) எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் அதை அனுமதிக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எனவே பழைய கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு நிரல் எழுதப் பழகலாம். விண்டோஸ் 10இலேயே விட்டுவைத்தால், அதில் வங்கிக் கணக்குக்குள் நுழைய வேண்டாம்.

மாடல் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தள்ளுபடியில் ஏமாறுபவர்களில் பெரும்பாலோர் விலையில் ஏமாறுவதில்லை, பொருளில்தான் ஏமாறுகிறார்கள். "ஐ5, 16 ஜிபி, 512 ஜிபி" என்று பிராசசர், ரேம் (வேலை செய்யும் நினைவகம்), சேமிப்பிடம் ஆகியவற்றுக்கான மூன்று சொற்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு, அந்த மூன்று சொற்களும் பொருந்துகிற மிக மட்டமான கணினி மிகப் பெரிய தள்ளுபடியோடு காத்திருக்கும்.

இன்டெலின் பெயர்களில் "ஐ5" என்பதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ5-1235யூ என்றால் முதல் இரண்டு இலக்கங்கள் சொல்வது 12ஆம் தலைமுறை. அது 2022இல் வந்தது. கடைசியில் இருக்கும் "யூ" என்ற எழுத்து, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிராசசர் என்பதைக் காட்டுகிறது. ஐ5-12450எச் அதே தலைமுறைதான், ஆனால் "எச்" என்பதால் அதிக மின்சாரம் எடுத்து அதிக வேலை செய்யும். வேகமான கோர்கள் (பிராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பிரிவுகள்) முன்னதில் 2, இதில் 4. நாள் முழுவதும் உலாவியும் வேர்டும் போதும் என்பவருக்கு யூ நல்லது, பேட்டரி நிற்கும். வீடியோ தொகுப்பவருக்கும் பெரிய மென்பொருள் திட்டங்களைக் கட்டுபவருக்கும் எச் வேண்டும். இப்போது "ஐ" எழுத்தே இல்லாமல் "கோர் 5 120யூ" என்று புதுப் பெயரில் வருபவை, பழைய 13ஆம் தலைமுறைக் கட்டமைப்புக்கு மறு வர்ணம் பூசியவை. வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. புதியதற்கான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் 7000 வரிசை இன்னும் தந்திரமானது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என்று இரண்டு பெயர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். அந்த வரிசையில் கட்டமைப்பின் வயதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520இல் இருக்கும் 2, ஜென் 2 என்ற 2019ஆம் ஆண்டுக் கட்டமைப்பைக் குறிக்கிறது. 7530இல் இருக்கும் 3, அதற்கு அடுத்த ஜென் 3. முன்னதில் 4 கோர், பின்னதில் 6 கோர். போதாதென்று 7520யூ உள்ள கணினிகளில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால் 8 ஜிபியாக வாங்கினால் ஆயுள் முழுவதும் 8 ஜிபிதான். விற்பனைப் பக்கங்களில் "ரைசன் 5, 7000 வரிசை" என்று மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, முழு எண்ணைக் கீழே நுணுக்க எழுத்தில் வைத்திருந்தால் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

ரேமைப் பொறுத்தவரை மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு, பற்றவைத்ததா சொருகியதா, ஒரே குச்சியா இரண்டு குச்சியா. தனி கிராபிக்ஸ் இல்லாத கணினிகளில் ஒரே 8 ஜிபி குச்சி இருந்தால் காட்சி வேகம் கணிசமாகக் குறையும். காலியாக இருக்கும் இன்னொரு துளையில் அதே அளவுக் குச்சியைச் சொருகினால் சரியாகிவிடும். முன்பெல்லாம் "8 ஜிபி வாங்கு, எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைகளில் இன்னொரு 8 போட்டுக்கொள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 2025ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிலிருந்து, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதால், ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. எனவே இப்போது 16 ஜிபியோடு வருவதையும், 8 ஜிபி வாங்கித் தனியாகக் கூட்டுவதையும் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சொல்ல முடிகிறது. பண்டிகை வரும்வரை காத்திருந்தால் விலை இறங்கியே தீரும் என்ற நம்பிக்கையையும் இது கொஞ்சம் ஆட்டிவிட்டது.

திரையை யாரும் கேட்பதில்லை. "எஃப்எச்டி" என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும். நிறத்துக்கு என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற சதவீதங்களும் வெளிச்சத்துக்கு நிட்ஸ் என்ற அளவும் உண்டு. 45 சதவீதம் என்டிஎஸ்சி, 250 நிட்ஸ் என்று இருந்தால் அது வெளிறிய மலிவுத் திரை; ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் அதில் உங்கள் முகம்தான் தெரியும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, 300 நிட்ஸ் என்பது கண்ணுக்கு இதமானது. தினமும் எட்டு மணி நேரம் பார்க்கப்போவது பிராசசரை அன்று, திரையை என்பதை நான் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

விளையாட்டுக் கணினி வாங்குபவர்கள் கிராபிக்ஸ் அட்டையின் பெயரோடு அதன் வாட் அளவையும் பார்க்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை நிறுவனம் விரும்பிய அளவில் அமைத்துக்கொள்ளலாம். 50 வாட்டில் ஓடுவதும் 100 வாட்டில் ஓடுவதும் ஒரே பெயரைச் சுமந்திருந்தாலும் ஒரே பொருள் ஆகாது. ஆயிரக்கணக்கில் மலிவாகத் தெரியும் விளையாட்டுக் கணினி பெரும்பாலும் வாட் அளவிலோ திரையிலோ கைவைத்திருக்கும்.

இவற்றையெல்லாம் பார்த்து இரண்டு அல்லது மூன்று மாடல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முழு மாடல் எண்ணையும், அதாவது பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக நீளும் வாலையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வால் மாறினால் திரையோ ரேமோ பேட்டரியோ மாறியிருக்கும். இணையத்துக்கென்றே தனி வாலோடு தயாராகும் மாடல்களும் உண்டு. கடைக்காரரிடம் காட்டி விலையை ஒப்பிட முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதோடு ஒப்பிட்டுத் தள்ளுபடி

அடுத்த வேலை விலையின் பழைய கணக்கைப் பார்ப்பது. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை என்பது, அதற்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு. மடிக்கணினிகளை அந்த விலைக்கு யாரும் விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. 84,990 ரூபாய் என்று அச்சிட்டிருக்கும் ஒரு கணினியை 52,990க்குக் கொடுத்தால் "38 சதவீதத் தள்ளுபடி" என்று போட்டுக்கொள்ளலாம், கணக்கும் பொய்யாகாது. ஆனால் அதே கணினி போன மூன்று மாதங்களாக 55,990க்கு விற்றுக்கொண்டிருந்தது என்றால் உங்களுக்கு மிச்சமாவது 3,000 ரூபாய், அதாவது சுமார் 5 சதவீதம். நான் பார்த்தவரையில் மடிக்கணினிகளில் பண்டிகைக் காலத்தின் உண்மையான லாபம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. கார்டுச் சலுகையைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம்.

இந்தப் பழைய விலையைக் கண்டுபிடிக்க ஆயுள்ரேகை பார்க்க வேண்டியதில்லை. அமேசான் விலைகளுக்குக் கீப்பா, அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் பைஹட்கே போன்ற கருவிகள் ஒரு பொருளின் விலை மாதக்கணக்கில் ஏறி இறங்கியதை வரைபடமாகவே காட்டும். அதில் மூன்றைக் கவனியுங்கள்: அதிக நாள் நின்ற விலை, இதுவரை தொட்ட மிகக் குறைந்த விலை, விற்பனைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் திடீரென்று ஏறியிருக்கிறதா என்பது. கருவிகளை நம்பாதவர்கள் தினமும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தாலும் போதும். ஃபிளிப்கார்ட் தன் முதல் "பிக் பில்லியன் டே"யை 2014 அக்டோபர் 6 அன்று இந்த ஊரிலிருந்துதான் நடத்தியது. அன்றைக்கே, முன்கூட்டி விலையை ஏற்றிவிட்டுக் குறைத்தார்கள் என்று வாடிக்கையாளர்கள் குற்றம் சாட்டி, நிறுவனர்கள் மறுநாள் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. ஆக, இந்தச் சந்தேகத்துக்கும் இந்தத் திருவிழாவுக்கும் ஒரே வயது.

2025இல் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின் பெரிய விற்பனைகளும் நவராத்திரி தொடங்கிய மறுநாளான செப்டம்பர் 23 அன்று அனைவருக்கும் திறந்தன. ஜி.எஸ்.டி. மாற்றம் நடைமுறைக்கு வந்தது அதற்கு முந்தைய நாள் என்பதால், "வரி குறைந்துவிட்டது, கணினி மலிவாகும்" என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய தொலைக்காட்சிகளுக்கு 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மடிக்கணினிக்கு முன்பும் 18தான், பின்பும் 18தான். சொந்தத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருப்பவர்கள் மட்டும் தங்கள் எண்ணைக் கொடுத்து வரி பில் கேட்டு வாங்க வேண்டும்: 59,000 ரூபாய்க் கணினியில் 9,000 ரூபாய் வரி, அது உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பும்போது, எந்தப் பண்டிகைத் தள்ளுபடியும் அதற்கு ஈடாகாது.

நவராத்திரியைத் தவறவிட்டால் உலகம் முடிந்துவிடாது. குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரியில் ஒன்று, ஜூலை வாக்கில் ஒன்று, சுதந்திர தினத்துக்கு ஒன்று என்று விற்பனைகள் வந்துகொண்டே இருக்கும். புதிய பிராசசர்கள் பெரும்பாலும் ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, அவற்றோடு கூடிய கணினிகள் அடுத்த சில மாதங்களில் கடைக்கு வருகின்றன. எனவே செப்டம்பர், அக்டோபர் விற்பனையில் இறங்குவது பெரும்பாலும் போன ஆண்டுச் சரக்கு. போன ஆண்டுச் சரக்கு என்பது குறையன்று. நல்ல திரையும் போதுமான ரேமும் உள்ள போன ஆண்டுக் கணினி, அதன் மிகக் குறைந்த பழைய விலைக்கும் கீழே வந்தால், அதுதான் இந்தப் பண்டிகையில் கிடைக்கும் நிஜமான லாபம். கல்லூரியில் படிப்பவர்கள் மேக்புக் வாங்குவதாக இருந்தால் ஆப்பிளின் மாணவர் விலையையும் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். ஹெப்பாளில் 2025 செப்டம்பரில் திறந்த ஆப்பிள் கடையிலேயே அதைக் கேட்கலாம்.

கார்டு, தவணை, பழசுக்குப் புதுசு

"10 சதவீத உடனடித் தள்ளுபடி" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி இருக்கும். அதைத் தொட்டால் "அதிகபட்சம் 1,500 ரூபாய்" என்பது போன்ற வரம்பு தெரியும். 52,990 ரூபாய்க் கணினிக்கு அது 3 சதவீதம்கூட வராது. சில வங்கிகளில் தவணை முறைக்கு ஒரு வரம்பும் முழுப் பணத்துக்கு வேறு வரம்பும் இருக்கும் என்பதால் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். அந்த வங்கியின் கார்டு இல்லையென்றால் அலுவலக நண்பரின் கார்டில் வாங்குவது இந்த ஊரில் சாதாரணம். அப்படி வாங்கினாலும் பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நண்பருக்குப் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும். நட்பும் கார்டும் ஒரே தேதியில் கெடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"வட்டியில்லாத் தவணை" என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பூஜ்ய வட்டித் திட்டங்கள் வட்டியை மறைப்பவை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளைத் தடுத்துவிட்டது. எனவே இப்போது நடப்பது இதுதான்: வங்கி உங்களிடம் வட்டி வாங்குகிறது, அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் கழித்துவிடுகிறார். 60,000 ரூபாய்க் கணினியை மாதம் 10,000 வீதம் 6 மாதத் தவணையில், ஆண்டுக்கு 16 சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அசல் ஏறத்தாழ 57,300 என்றும் வட்டி ஏறத்தாழ 2,700 என்றும் பிரியும். கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பதால் அதில் 487 ரூபாய். செயல்பாட்டுக் கட்டணம் 200 என்றால் அதற்கும் வரி சேர்த்து 236. ஆக, "வட்டியில்லாத" தவணைக்கு 720 ரூபாய்க்கு மேல் செலவாகிறது. பணத்தைப் பிரித்துக் கட்டும் வசதிக்கு இது பெரிய விலையன்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு நானே பரிந்துரைப்பேன். ஆனால் கையில் பணம் இருப்பவர் "சும்மாதானே" என்று தவணையில் போடுவதில் அர்த்தமில்லை.

பழைய கணினியைக் கொடுத்துப் புதியது வாங்கும் திட்டத்தில், திரையில் தெரியும் தொகை "வரை" என்ற சொல்லோடு வரும். வாசலுக்கு வருபவர் ஒரு கீறலைக் காட்டிக் குறைத்துவிடலாம். பழையதைத் தனியாக விற்றுப் பாருங்கள். அதிலிருந்து உங்கள் கோப்புகளை முழுமையாக அழித்துவிட்டுக் கொடுங்கள்.

பணம் கட்டும் பக்கத்தில், நீங்கள் கேட்காமலே ஒரு காப்பீட்டுத் திட்டமோ நன்கொடையோ கூடையில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கூடையில் திருட்டுத்தனமாகச் சேர்ப்பது, "இன்னும் 2 மட்டுமே" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது உட்பட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடைசெய்திருக்கிறது. தடை இருக்கிறது; தந்திரமும் இருக்கிறது.

எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை

சென்னையில் ரிச்சி தெரு எப்படியோ அப்படி பெங்களூருக்குச் சாதர் பத்ரப்பா ரோடு, எல்லோரும் எஸ்.பி. ரோடு என்றே சொல்வார்கள். டவுன் ஹாலுக்கு அருகில், கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கன்னடம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். தமிழ், இந்தி எல்லாம் கலந்துதான் அங்கே வியாபாரம் நடக்கிறது. தாளில் எழுதிவைத்த முழு மாடல் எண்ணைக் காட்டி, ஜி.எஸ்.டி. பில்லோடு கடைசி விலை என்ன என்று மூன்று கடைகளிலாவது கேளுங்கள். இணைய விற்பனையின் விலையைக் காட்டினால், அந்த விலைக்கு வராவிட்டாலும் ஒரு பையோ மவுஸோ ரேமோ சேர்த்துக் கொடுக்கிற கடைக்காரர்கள் உண்டு. வாங்காவிட்டாலும், ஒரு திரையை நேரில் பார்ப்பதற்கும் ஒரு விசைப்பலகையைத் தட்டிப் பார்ப்பதற்கும் அந்த நடை தகும். பில் வேண்டாமென்றால் இன்னும் குறைக்கிறேன் என்று சொல்பவரிடமிருந்து மட்டும் வணக்கம் சொல்லி விலகிவிடுங்கள்.

இந்த ஊரின் தனிச்சிறப்பு, நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலீட்புக் வகைக் கணினிகள். கட்டுமானத்திலும் விசைப்பலகையிலும் அவை புதிய மலிவுக் கணினிகளைவிட நன்றாகவே இருக்கும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். திறந்தவுடன் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை நிரல்) கடவுச்சொல் கேட்கிறதா, பழைய நிறுவனத்தின் பெயரோடு பூட்டு ஏதாவது வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பேட்டரியை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 30,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டியவர்களுக்குப் பண்டிகைத் தள்ளுபடியைவிட இது பல சமயம் மேலான வழி என்பது என் கருத்து.

பெட்டி வந்த அன்று

விற்பனை நாளில் செய்ய வேண்டியது அதிகமில்லை. தாளில் இருக்கும் மாடல், நீங்களே குறித்த உச்ச விலை, இரண்டும் பொருந்தினால் வாங்குங்கள். பொருந்தாவிட்டால் திரையை மூடிவிட்டுத் தூங்குங்கள். வாங்கும் முன் விற்பவரின் பெயரையும் மதிப்பீட்டையும் பார்ப்பதோடு, "திரும்பப் பெறுதல்" உண்டா, "மாற்றித் தருதல்" மட்டுமா என்பதையும் பாருங்கள். மடிக்கணினிகளுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான். அதுவும் சில நாட்களுக்குள், குறை உண்மையென்று நிறுவனத்தின் பணியாளர் உறுதி செய்த பிறகுதான் என்ற நிபந்தனைகளும் இருக்கும். பிடிக்கவில்லை என்பது குறையாக ஏற்கப்படாது.

பி.ஜி.யில் இருப்பவர்கள், நீங்கள் இல்லாதபோது வாசலில் இருப்பவர் பெட்டியை வாங்கிக்கொள்ளும்படி விட்டுவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து காட்டும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, பார்த்த பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள். எப்படியானாலும், ஒட்டுத்தாள் கிழிவதிலிருந்து கணினி எழுவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துவையுங்கள். பில்லிலும் பெட்டியிலும் கணினியின் அடியிலும் இருக்கும் வரிசை எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு வாரண்டி எப்போது தொடங்கியிருக்கிறது என்று அன்றைக்கே பாருங்கள். எனக்கு ஒருமுறை, ஒரு பெரிய விற்பனையில் நம்ப முடியாத விலைக்குக் கிடைத்த கணினியின் வாரண்டி ஏழு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. எங்கோ கிடங்கில் கிடந்ததா, யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததா என்று இன்றுவரை தெரியாது. பில்லை அனுப்பித் தேதியைத் திருத்தச் சொன்னேன். மூன்று வாரம் மின்னஞ்சல் போக்குவரத்துக்குப் பிறகு திருத்திக் கொடுத்தார்கள். முதல் நாளே பார்த்ததால் பிழைத்தேன். அதற்குப் பிறகு, புதிய கணினியின் எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் பார்க்காமல் நான் விடுவதில்லை. புதியது என்றால் அந்த எண் ஒற்றை இலக்கத்தில் இருக்கும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது வேறு யாருடைய மேசையையோ பார்த்துவிட்டு வந்தது. விண்டோஸே எடுத்துக் கொடுக்கும் பேட்டரி அறிக்கையில், வடிவமைத்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ரேமும் பிராசசரும் விளம்பரத்தில் சொன்னவைதானா, திரையில் எரியாத புள்ளி ஏதாவது உண்டா, எல்லா விசைகளும் எல்லாத் துளைகளும் வேலை செய்கின்றனவா என்பதெல்லாம் மாற்றித் தரும் கெடுவுக்குள் முடிய வேண்டிய சோதனைகள்.

குறை இருந்து விற்பவர் கைவிரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே, அதாவது பெங்களூரிலேயே வழக்குப் போட முடியும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது, இரண்டு ஆண்டுகள் வரை கால அவகாசம் உண்டு. இத்தனைக்கும் வேண்டியது பில். பி.ஜி. மாறும்போது முதலில் தொலைவதும் அதுதான் என்பதால், வந்த அன்றே பில்லின் பிரதியை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். வாரண்டி முடியும் தேதிக்கு இருபது நாள் முன்னதாகக் கைப்பேசி நாட்காட்டியில் ஒரு நினைவூட்டலும் வைத்துவிட்டால், தளர்ந்துபோன கீலையும் சூடாகும் சார்ஜரையும் கட்டணமில்லாமலே மாற்றிக்கொண்டு வரலாம்.